முப்பத்திரண்டு எழுத்து

ஒரே ஆடு. பெயர் மார்கே.
ஒரே தூக்கு. காய்ச்சாத பால்.
ஜூன் மாதம், பனேவேஜிஸுக்கு வடக்கே
நால்வர் குடித்தோம்:
அம்மா, நான், என் மகன் தௌமந்தஸ்,
அண்ணன் வைதோதஸ்.
ஆட்டை உண்ணி கடித்ததை
யார் பார்த்தது.

நால்வருக்கும் காய்ச்சல். மூவருக்கு அது
கோடைச் சளிபோல் வந்து போனது.
அவனுக்கும் போனது,
ஐந்து நாள் விடுப்பு கொடுத்துவிட்டு.
அந்த ஐந்து நாளில்
கொட்டகைக் கூரைக்குத் தகரம் அடித்தான்,
முற்றத்து வளையத்தில் பந்து போட்டான்,
பத்துக்கு ஒன்பது என்று சன்னல் வழியே கத்தினான்.
ஆறாம் நாள்
என் பெயரைத் தேடினான்.
கிடைத்தபோது மருத்துவமனையில் இருந்தோம்.
வலத் தோள் அவன் சொல் கேட்பதை
நிறுத்தியிருந்தது.

டிசம்பரில் வில்னியஸிலிருந்து ஒருத்தி வந்தாள்,
பனிக்காலணியைக் கழற்றிவிட்டு
கிழிந்த காலுறையோடு உட்கார்ந்து
எங்கள் ரத்தத்தில் கண்டதைச் சொன்னாள்.
மரபணு ஒன்றில் முப்பத்திரண்டு எழுத்து இல்லை.
நம்ம அரிச்சுவடியே அவ்வளவுதானே
என்றான் தௌமந்தஸ், பள்ளிக்கூடப் பிள்ளை.
சிரித்துவிட்டாள். சிரித்ததற்குக் கூசினாள்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி.
உங்களுக்கு ஒன்று முழுசு, ஒன்று குறை.
அண்ணனுக்கு இரண்டுமே குறை.
காவலுக்குப் போகும் அணுக்களுக்கு
மூளைக்குப் போகிற வழி தட்டுப்படாமல்...
கையைக் காற்றில் அலைத்தாள்.
இதுதான் காரணம் என்று சொல்லமாட்டேன்,
தட்டு கொஞ்சம் தாழ்ந்திருந்தது, அவ்வளவுதான்.
ஆறுதலுக்கு இன்னொன்றும்:
எச்.ஐ.விக்கு இதே குறை
பூட்டிய கதவாம்.
பந்து பிடிக்க உதவுமா
என்றான் வைதோதஸ்.

என் மகனுடையது தனி உறையில் இருக்கிறது.
பிரிக்கவில்லை.

அம்மா அதுவரை வாய் திறக்கவில்லை.
ஆறு மாதமாகப் பால்சட்டியின் முகத்தில் விழிக்காதவள்.
அப்ப, பாலால இல்லையா?
பாலாலும்தான். ஆனால் நால்வரும் குடித்தீர்களே.
அம்மாவின் முதுகு தளர்ந்து நாற்காலியில் சாய்ந்தது,
ஒரு மூச்சு நேரம்.
பிறகு கேட்டாள்:
அந்த எழுத்தெல்லாம் யார்கிட்ட தொலைஞ்சது?
பாதி, அவன் அப்பாவிடம்.
அவர் போய்ப் பன்னிரண்டு வருடம்.
பாதி

வந்தவள் முடிக்கவில்லை.
அம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்,
விருந்தாளிக்குக் காப்பி.
பால் பொங்கியது. இறக்கவில்லை.
பொங்கி வழிந்து, தீய்ந்து,
அந்த நாற்றம் மேல்சட்டைகளில் ஏறும்வரை
பார்த்துக்கொண்டே நின்றாள்.

வைதோதஸ்தான் போய்
இடக்கையால் அணைத்தான்.