காலிக் கொட்டகையின் கணக்கு

வெள்ளி இரவு, தாக்குவரெம்போ கால்நடைத் திடல்.
கூரையில் கட்டிய பன்னிரண்டு பெட்டியிலும் பச்சை விளக்கு.
வில்மார் கடைசிப் பலகையில் சாய்ந்துகொண்டு
ஒரு கால்பந்தாட்டத்தை முழுசாகப் பார்த்தான்.
ஓரிடத்திலும் படம் நிற்கவில்லை.
"முடிந்தது சுல்மா, போய்த் தூங்கு."
காலிக் கொட்டகையில் எதுதான் ஓடாது?

சனிக்கிழமை வந்தார்கள்,
நாலாயிரம் பேர்.
கக்கத்தில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே,
சட்டைப் பையில் ஒரு போன், பிள்ளை கையில் இன்னொன்று.
மனித உடம்பு பாதிக்கு மேல் தண்ணீர் என்று
பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான்.
நம்பியது அன்று பதினோரு மணிக்குத்தான்.
வரிசை வரிசையாகத் தண்ணீர்.
தொப்பி போட்ட தண்ணீர்,
மகளைத் தோளில் ஏற்றிய தண்ணீர்.
கூரையிலிருந்து இறங்கிய அலை
மூன்றாம் வரிசை தாண்டவில்லை.

போதாததற்குக் காளைகள்.
ஏலமேடைக்கும் என் ஆன்டெனாவுக்கும் நடுவே
தொள்ளாயிரம் கிலோ ஹியர்ஃபோர்ட்,
நின்ற இடத்தில் சாணி போடுகிற ஒரு குளம்.
கொஞ்சம் தள்ளி நில்லப்பா என்றா சொல்வது?

ஏலக்காரர் அப்பரீசியோ சுத்தியலைத் தூக்கியபடி
வெளியூர் விலைக்குக் காத்திருந்தார்.
திரையில் சக்கரம் சுற்றியது.
"பவரைக் கூட்டு" என்றார் கம்பெனிக்காரர்.
கூட்டினோம்.
ஒவ்வொரு பெட்டியும் மற்றதன் இரைச்சலைக் கேட்டு
வாய் மூடிக் காத்திருந்தது.
இருப்பதோ மூன்றே தடம்,
ஒன்று, ஆறு, பதினொன்று.
சந்தைக்கடையில் குரலை உயர்த்தினால்
சந்தைதான் உயரும்.

பாதியாகக் குறைத்தேன்.
பிறகு அதிலும் பாதி.
"பசிக்கிறவன் தட்டையா பிடுங்குகிறாய்?"
வில்மாருக்கு விளக்க நேரமில்லை.
பெட்டி எவ்வளவும் கத்தும்.
போனுக்குத் தொண்டை சின்னது,
அதன் பதில் கூரை வரை ஏறாது.
காது அல்லவா கீழே இறங்க வேண்டும்.

இறங்கினேன். பலகைகளுக்கு அடியில்,
முழங்கால்களுக்கும் மண் பூட்ஸ்களுக்கும் இடையில்
இருபத்துநாலு பெட்டி, வாயில் பிளாஸ்டிக் கட்டுகள்.
கழுத்தில் யாருடைய மாத்தேயோ சூடாகக் கொட்டியது.
தலைகீழாக ஒரு சிறுமியின் முகம்:
"என்ன தொலைத்தாய்?"
"உங்கப்பாவின் இன்டர்நெட்டை."
பாதி கடித்த பூரி ஒன்றை நீட்டினாள்.
தின்றுகொண்டே அடுத்த முடிச்சு.

நாற்பத்தொன்றாம் எண் காளை உள்ளே வந்தபோது
எங்கோ அர்த்திகாஸில் யாரோ விரல் வைத்தார்கள்.
எண் ஏறியது. இங்கே ஒரு தொப்பி அசைந்தது.
மறுபடி அங்கே.
சுத்தியல்.
கைதட்டல் எல்லாம் காளைக்கு.
யாரும் பலகைக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் எனக்குப் பயமாக இருந்திருக்கும்.

இரவு எல்லாவற்றையும் அவிழ்த்துச் சுருட்டியாயிற்று.
மடிக்கணினி மட்டும் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தது.
பழைய போன் ஒன்று, எங்கோ,
தனக்குப் பழக்கமான வலைகளை
ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது:
எஸ்தெலா சமையலறை.
பேருந்து நிலையம்.
மருத்துவமனை, நாலாம் வார்டு.
திரும்பவும் எஸ்தெலா சமையலறை.

"விடு, காலையில் தேடுவார்கள்" என்றான் வில்மார்.
ஆனால் அவன்தான் முதலில் எழுந்தான்.
கணினியை ஏந்திக்கொண்டு நடந்தோம்.
தீவனக் கொட்டில் பக்கம் எண் குறைந்தது,
தொழுவம் பக்கம் கூடியது,
பிறகு அசையவில்லை.

வைக்கோலுக்குள் இருக்கிறது, சந்தேகமில்லை.
அதன்மேல் படுத்து அசைபோடுகிறது
இன்றைக்கு மிக அதிக விலைக்குப் போன தண்ணீர்.
வில்மார் குடுவையைத் திறந்தான்.
எழுந்திருக்கட்டும் என்று
வேலியில் சாய்ந்து
மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருக்கிறோம்.