குளிர் தின்ற மூட்டை

சலாங் கணவாயில் மூன்றாம் நாள்.
சுரங்கத்தின் வாயைப் பனி அடைத்துக்கொண்டது.
எங்களுக்கு முன்னால் நாற்பது லாரி.
பின்னால் எத்தனையென்று
எண்ணப் போன பையன்
இன்னும் திரும்பவில்லை.

நான் கிளீனர்.
சக்கரத்துக்குக் கல் வைப்பதும்
துர்திபாய் தூங்கும்போது தூங்காதிருப்பதும்
என் வேலை.
பின்னால் பக்லான் உருளைக்கிழங்கு,
நூற்றெண்பது மூட்டை.
காபூலில் ஹாஜி மிராஜுதீன்
விரலில் எச்சில் தொட்டு எண்ணுவார்,
மூட்டையைக்கூட.

ஜுமாகானின் தேநீர்க் கடையில்
மாவு இருந்தது. எண்ணெய் இருந்தது.
எண்ணெயைவிட அதிகமாய்ப் புகை இருந்தது.
"உள்ளே வைக்கத்தான் ஒன்றுமில்லை.
மடித்த வெறும் ரொட்டியைப்
போலானி என்று சொல்லி விற்க
எனக்கு வாய் வராது" என்றார்.

எல்லோரும் எங்கள் லாரியைப் பார்த்தார்கள்.
துர்திபாய் வானத்தைப் பார்த்தார்.

பேருந்திலிருந்து இத்ரீஸின் தாய்
(பெயர் கேட்பது எங்களுக்கு வழக்கமில்லை)
ஒரு கட்டு கந்தனா கொடுத்தனுப்பினாள்.
பூண்டுத்தாள் போல் நீண்டு, அதைவிடக் காரமாய்.
மகள் வீட்டு முற்றத்தில் நடவென்று
வேரோடு பிடுங்கி வந்தது.
"தாளை அறுத்துக்கொள்ளட்டும்,
வேரைத் திருப்பித் தரட்டும்" என்றானாம் இத்ரீஸ்,
இல்லை, என்றாளாம் அவன் தாய்.
குளிரில் அவனுக்கும் வாய் குழறியது.

ஈர வேர்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
அவன் பனியில் ஓடுவதைப் பார்த்தபின்
துர்திபாய் என்ன செய்வார்?
"ஒரே ஒரு மூட்டை" என்றார்.

உருட்டக் கட்டையில்லை.
ஜாக்கிக் கம்பியை
மூன்று முறை கொதிநீரில் கழுவினேன்.
"டீசல் வாடை" என்றார் ஒரு வாத்தியார்.
"பசிக்கு மூக்கு கிடையாது" என்றார் ஜுமாகான்.

முதல் போலானி பேருந்துக்குப் போனது.
ஒரு கடி குறைந்து திரும்பி வந்தது:
'தடிமன்.'
இரண்டாவதும் வந்தது:
'விளிம்பை அமுக்கவில்லை, வாய் பிளக்கிறது.
பச்சை மிளகாயை யாருக்காக மிச்சம் பிடிக்கிறீர்கள்?'
மூன்றாவது திரும்பவில்லை.
அதன்பின் ஜுமாகானின் கை
தானாகவே மெல்லிசாய் உருட்டியது.

பாதி வட்டத்தில் கிழங்கும் தாளும்.
மீதிப் பாதியை இழுத்துப் போர்த்தி
ஓரம் அழுத்தி
கல்லில் போட்டால் ஒரு சீறல்.
அந்தச் சத்தத்துக்கே
எட்டு லாரி தள்ளி நின்றவர்கள்
கதவைத் திறந்து இறங்கினார்கள்.

துர்திபாய் முதல் துண்டை
வெகுநேரம் மென்றார்.
"இனிக்கிறது."
காரத்தோடு நன்றாகத்தானே இருக்கிறது என்றேன்.
அவர் என்னைப் பார்த்த பார்வையில்தான்
எனக்கு உறைத்தது:
உறையத் தொடங்கிய கிழங்குதான் இனிக்கும்.
ஒன்று இனித்தால்
தார்ப்பாயின் கீழே எல்லாமே
இனித்துக்கொண்டிருக்கும்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார்.
பிறகு எழுந்து போய்
இரண்டாவது மூட்டையை
அவரே அவிழ்த்தார்.
என் கம்பளியையும் அவர் கம்பளியையும்
மற்ற மூட்டைகளின்மேல் போட்டார்.
அன்றிரவு நாங்கள் அடுப்படியில்
அந்நியர்களின் முதுகோடு முதுகு ஒட்டித் தூங்கினோம்.

ஐந்தாம் நாள் வழி திறந்தது.
அவருக்கு எழுத்து தெரியாது.
அவர் சொல்ல நான்
கணக்குப் புத்தகத்தில் எழுதினேன்:
'ஏழு மூட்டை. குளிர் தின்றது.'

சாரிக்காரில் டயர் வெடித்தது.
குனிந்து கம்பியை எடுத்தேன்.
கையில் நிற்காமல் வழுக்கியது.
முகர்ந்து பார்த்தேன்.
இந்த முறை
டீசல் இல்லை.