நானூறு ராண்ட் வித்தியாசம்

சாட்ஸ்வர்த் கடையில் இரண்டு ஹெட்போன்களை
மாற்றி மாற்றி மாட்டிப் பார்க்கிறேன்.
கையில் காசு ஒன்றுக்குத்தான்.

முதலாவது இனிக்கிறது.
பேஸ் ஏறி என் குரலே
யாரோ பெரிய மனுஷன் குரலாய்க் கனக்கிறது.
"டாக்ஸியில மாட்டினா
டிரைவர் போடுற பாட்டே கேக்காது அங்கிள்"
என்கிறாள் கடைப்பெண் தேஷ்னி.

மற்றதற்கு முகஸ்துதி தெரியாது.
நானூறு ராண்ட் அதிகம்.
காதை இறுக்கி மூடுகிறது,
மைக்குக்குள் ஒரு துளி கசியாது.

போனிலிருந்த என் பதிவையே ஓடவிட்டேன்:
ஞாயிறு விடியலில், துணி அலமாரிக்குள்,
கோட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து
பார்வையற்றோர் சங்கத்துக்காக வாசித்த கதை.
ழகரத்தில் நாக்கு தடுக்குவது,
நாற்காலியின் முனகல்,
கூரைமேல் ஹடேடா பறவையின் காட்டுக்கத்தல்.
எல்லாம் தெரிந்ததுதான்.

இரண்டாம் நிமிஷம், வெகு அடியில்,
ஒன்றோடொன்று படாமல்
தட்டுகளை அடுக்கும் சத்தம்.
முழுக்கத் திறக்காத குழாயில்
பாத்திர விளிம்போரம் வழியவிட்ட தண்ணீர்.
கெட்டில் 'டக்'கென்று விழுமுன்னே
அணைத்துவிட்ட விரல்.

பிரனீதா.
அந்நேரம் தூங்குகிறாள் என்றல்லவா
ஏழு மாதமாய் நினைத்திருந்தேன்.

"என்ன அங்கிள், இரைச்சல் இருக்கா?"
"இருக்கு. இதையே கொடு."

டாக்ஸியில் அது எதையும் விட்டுவைக்கவில்லை.
பழைய பாட்டில் டேப்பின் சீறல்,
சரணத்துக்கு முன் வயலின்காரர் மூக்குறிஞ்சுவது.

வீட்டுக்குப் போய்ச் சொல்வேனா, தெரியாது.
சொன்னால்
அந்தச் சத்தத்தையும் நிறுத்திவிடுவாள்.
கேபிள் வேறு ரொம்ப நீளம்,
மடியில் சுருட்டி வைத்திருக்கிறேன்.