இரண்டாம் பம்ப்

தலைமை அலுவலகத்துக்குப் போகும் மாத அறிக்கையில்
ஒரு கட்டத்துக்கு இருபது சொல்தான் அனுமதி.
"இரண்டாம் பம்ப்: வருகை எதிர்பார்க்கப்படுகிறது."
பத்து மாதமாக இதையே எழுதுகிறேன்,
தேதியை மட்டும் மாற்றி.

வெள்ளம் வந்த இரவில்
மோட்டார் அறைக்குள் ஆறு நுழைந்தது.
என் தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்தில்
அதன் கோடு இன்னும் சுவரில் இருக்கிறது.
பெயின்ட் அடிக்க வந்தவர்களை
அந்தச் சுவரை மட்டும் தொடவிடவில்லை தெம்பெலானி.
"இருக்கட்டும்" என்றான்.
காரணம் சொல்லவில்லை.

இசிப்பிங்கோ தண்ணீர் விட்டு மறந்ததெல்லாம்
இங்கே கம்பி வலையில் வந்து நிற்கும்.
பள்ளிக்கூடக் காலுறை, குழந்தை துடைத்த ஈரத்தாள்,
ஒருமுறை மேல்வரிசைப் பல்செட் முழுசாக.
சனிக்கிழமைகளில் எலுமிச்சம்பழம்.
பாதியாய் அறுத்து, குங்குமம் தடவி,
பிள்ளைக்கோ கடைக்கோ புதுக் காருக்கோ சுற்றிவிட்டு
கழிப்பறையில் போட்டுவிடுகிறார்கள்.
ஊர்க் கண்ணேறு முழுவதையும்
நீளக் கைப்பிடி வாரியால் நான்தான் இழுத்தெடுக்கிறேன்.
இதுவரை எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

தைப்பூசத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது
கோயில் கமிட்டிச் செயலாளர் குருநாதன் படையாச்சி கூப்பிட்டார்.
"ஆற்றில் இறங்கலாமாம்மா?"
முன்னூறு காவடி. கரையிலிருந்துதான் புறப்பட வேண்டும்.
ஆய்வகத் தாள் மேசைமேல் இருந்தது.
நூறு மில்லிலிட்டருக்கு எத்தனை என்ற எண்ணை வாசித்தேன்.
"அது அதிகமா?"
"ஐயா, அலகு குத்தின கன்னத்தில்
அந்தத் தண்ணீர் படக்கூடாது."
மறுமுனையில் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை,
யாரோ பாத்திரம் கழுவும் ஓசை தவிர.
பிறகு கேட்டார்: "உங்க பம்ப் எப்போ வரும்?"

வந்துவிட்டது.
அதுதான் சொல்ல நாக்குக் கூசியது.
இங்கிருந்து அரைமணி நேரத்தில் டர்பன் துறைமுகம்;
அங்கே ஒரு மரப்பெட்டிக்குள்
மூன்று வாரமாக
ஒரு கையெழுத்துக்காக உட்கார்ந்திருந்தது.

அந்தப் பூசத்துக்கு ஆறு டாங்கர் லாரியில் வந்தது.
பூசாரி ஒரு செம்பு மஞ்சள்நீர் விட்டு
குழாய்த் தண்ணீரை ஆறாக்கினார்.
நான் காவடி பார்க்கவில்லை.
ரப்பர் பூட்ஸோடு கரையில்
சிவப்பு நாடா கட்டிக்கொண்டிருந்தேன்.
மேளம் கிட்டே வந்தபோது
பாற்குடம் சுமந்த ஒருத்தி நாடாவுக்குள் குனிந்து போய்
மூன்று விரலால் ஆற்றைத் தொட்டுக்
கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.
அதட்டத்தான் ஓடினேன்.
கிட்டே போனதும் வாய் வரவில்லை.
பையிலிருந்த கைகழுவும் திரவத்தை நீட்டினேன்.
திருநீறு வாங்குவதுபோல்
இரண்டு கையையும் சேர்த்து வாங்கிக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய் பெட்டி வந்தது.
பொருத்த நான்கு நாள். நடுவில் இரண்டு முறை மின்வெட்டு.
சனி விடியற்காலை நாலு பத்துக்கு
விசையைப் போட்டோம்.
ஜுரம் பார்ப்பதுபோல்
தெம்பெலானி அதன் முதுகில் புறங்கையை வைத்தான்.
தொட்டியில் மட்டம்
ஒரு விரல் இறங்கியது. இன்னொரு விரல்.
அன்று முழுக்க என் போன் அடிக்கவில்லை.
கெட்டுப்போய்விட்டதோ என்று
மத்தியானம் நானே என்னைக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

"இரண்டாம் பம்ப்: இயங்குகிறது."
மீதிச் சொற்களுக்கு
எழுத ஒன்றும் தோன்றவில்லை.
ஒன்றாம் பம்பில் ஒரு புதுச் சத்தம் கேட்கிறது,
அதை அடுத்த மாதம் எழுதலாம்.

சாயங்காலம் தெம்பெலானி
கடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வந்தான்.
"உங்க ஆளுங்க செய்யறது, இதுக்கும் செய்."
சிரித்துக்கொண்டேதான் அறுத்தேன்.
பம்பைச் சுற்றி வலம் மூன்று, இடம் மூன்று.
முடித்ததும்
கையில் இரண்டு மூடியோடு நின்றேன்.
அவன் என்னைப் பார்த்தான், நான் வலையைப் பார்த்தேன்.
இதை இனி எங்கே போடுவது?