ஜாடி எழுப்பிய ஒலி

ஒன்பது ஆண்டுக்கு முன் அதைப் போட்டவள் நான்தான்.
இத்ரியாவில், பாதரசச் சுரங்கம் மூடிக் கிடக்கும் ஊரில்,
என் மேசைமேல் நின்ற குட்டியின்
தோள்களுக்கு நடுவே தோலைக் கிள்ளித் தூக்கி
ஒரே அழுத்து.
மூர்வா கத்தவில்லை. விட்டோமிர்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

அரிசி மணி அளவு என்கிறது கையேடு.
கண்ணாடிக் கூடு, உள்ளே செம்புச் சுருள்,
அதற்குள் பதினைந்து இலக்கம்.
"ஒன்றும் ஆகாதே?" என்றார்.
"ஒன்றும் ஆகாது" என்றேன்.
அன்று மாலைக்குள் இன்னும் ஏழு பேரிடம்
அதையே சொன்னேன், கை கழுவிக்கொண்டே.

சொன்னது பொய்யுமில்லை.
பனி கொட்டிய ஒரு பிப்ரவரியில்
முயல் வாசம் பிடித்துக்கொண்டே எல்லை தாண்டி
இத்தாலியில் யாருடைய வைக்கோல் போரிலோ
சுருண்டு கிடந்தவளை
அந்த எண்தான் வீடு சேர்த்தது.
விட்டோமிர் பிளம் சாராயம் ஒரு சீசா கொண்டுவந்தார்.
வாங்கிக் குடித்தேன்.

இந்த அக்டோபரில் கட்டியோடு வந்தாள்.
போட்ட இடத்தில் இல்லை. நான்கு விரல் தள்ளி,
இடது தோளில், வாதுமைக் கொட்டையாக.
அடுத்த வாரம் முட்டையாக.
கருவியை முதுகில் ஓட்டினேன்.
மௌனம்.
கட்டியின்மேல் வைத்தேன்.
கீச்.

இதைப் பற்றிப் படித்திருக்கிறேன்.
எலிகளுக்கு ஒரு பத்தி, நாய்களுக்கு ஒரு வரி,
வரியின் கடைசியில் அபூர்வம் என்ற சொல்.
அபூர்வம்
என் மேசைமேல் படுத்துக்கொண்டு
என் மணிக்கட்டை நக்கியது.

அறுக்கும்போது வெளியே போக மறுத்துவிட்டார்.
அவருடைய அப்பா சுரங்கத்தில் இருந்தவர்;
கரண்டியைத் தூக்கினால் சூப் பாதி சட்டையில்.
"அப்பாவிடமும் சொல்லியிருந்தார்கள்" என்றார் சுவரைப் பார்த்து,
"அது ஒட்டாது, உருண்டு போய்விடும் என்று."
நான் நூலை வெட்டிக்கொண்டிருந்தேன்.
பதில் சொல்லாமலிருக்க நல்ல வேலை அது.

ஆய்வகப் படிவம் நோயாளியின் எண் கேட்டது.
மயக்கம் தெளியாமல் நாக்கு தொங்கக் கிடந்தவள்மேல்
பழக்கத்தில் கருவியை நீட்டினேன்.
யாருமில்லை.
ஃபார்மலின் ஜாடிதான் குரல் கொடுத்தது.
திரையில் வரிசையாக வந்தன:
மூர்வா. பெண். வெள்ளை, ஆரஞ்சுத் திட்டுகள்.
பாலத்தடி, வீட்டு எண் ஆறு.

பதினேழு நாள் கழித்து அறிக்கை.
மென்திசுப் புற்று. அந்நியப் பொருளை ஒட்டி.
பொருளால்தானா என்று உறுதியாகச் சொல்ல இயலாது.
ஊசி போட்ட இடம், பழைய காயம், வயது, இரத்தம்
எதுவாகவும் இருக்கலாம்.
கையெழுத்து மட்டும் மிகத் தெளிவு.

தையல் பிரிக்க வந்தபோது
புதியதொன்று போட்டாக வேண்டுமே, சட்டம் என்றேன்.
உறை என் கையில் இருந்தது, பிரிக்காமல்.
அவர் உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"உன் நாய்க்கு?"
எனக்குப் பூனை என்றேன். முட்டாள்தனமான பதில்.
மூர்வா ஒரு காலை லேசாக இழுத்தபடி
கதவருகே நின்று மழையை முகர்ந்தாள்.

கழுத்துப்பட்டையில் பேனாவால் தொலைபேசி எண் எழுதினோம்.
ஏழு அழிந்து ஒன்றுபோல் தெரிந்தது; மேலே மறுபடி எழுதினார்.
உறை இழுப்பறையில் கிடக்கிறது.

பதிவேட்டில் அவள் இன்னும் சரியாகவே இருக்கிறாள்.
தொலைந்து போனால், தேடுகிறவர்கள்
நேராக என்னிடம் வரலாம்:
குளிர் அறை, மூன்றாம் தட்டு,
மூடியில் என் எழுத்து.