ஓடும் பழக்கம் உள்ளவள்

ஐந்தாம் வகுப்பு. கணக்குப் பாடவேளை.
நாளை பிப்ரவரி ஒன்று, விடுமுறை.
"அடிமைத்தனம் பற்றி ஏதாவது பேசிவிடுங்கள்,
இருபது நிமிடம் போதும்"
என்றிருந்தார் தலைமையாசிரியர்.

ஆவணக் காப்பகத்தில் கிடைத்த ஒரு தாளை
முப்பத்தொரு பிரதி எடுத்துப் போயிருந்தேன்.
போர்ட் லூயிஸ், மலபார் முகாம், ஒரு வீட்டின் சொத்துப் பட்டியல்:
கழுதை இரண்டு,
சாரக்கயிறு ஒரு சுருள்,
சுண்ணாம்பு பதினாறு பீப்பாய்,
பிறகு அவள்.

*ரோசலி. மலபார்க்காரி. துணி வெளுப்பாள்.
வயது முப்பது இருக்கலாம். இடது காது இல்லை.
ஓடும் பழக்கம் உள்ளவள்.*

தெவேனி ஆருமுகம் கையைத் தூக்கினாள்.
மாவட்டப் போட்டியில் நானூறு மீட்டர் ஓடுகிறவள்.
"எவ்வளவு வேகமா ஓடுவா, மிஸ்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு
காதைப் பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று.
மழை தகரத்தில் விழ ஆரம்பித்ததால்
இரண்டு முறை சொல்ல வேண்டியதாயிற்று.

ஓரத்தில் விலை.
நானூறு பியாஸ்தர், அதை அடித்து
இருநூற்று அறுபது, அதையும் அடித்து
நூற்றைம்பது. வலது கால் இழுக்கிறது என்று ஒரு குறிப்பு.
அதையும் அடித்து எழுபது.
ஒவ்வோர் அடித்தலுக்கும் பக்கத்தில் ஒரு தேதி,
ஓடிப் பிடிபட்ட நாள்.
கடைசியில் வேறு மையில்: *பெற்றுக்கொண்டேன்.*

"யார் குடுத்தாங்க?"
"அவளேதான்."

ஞாயிறு மட்டும் அவளுடையது.
லத்தானியே ஆற்றங்கல்லில் மாலுமிகளின் சட்டையை
அடித்து அடித்துத் துவைத்தால்
வாரத்துக்கு அரைப் பியாஸ்தர்.
போர்டில் எழுதினேன்.
கணக்காக ஆகிவிட்டால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

முதலில் முடித்தவன் எமனுவெல் ஜான்வியே.
(ஜான்வியே என்றால் ஜனவரி.
ஜனவரியில் கப்பலிலிருந்து இறக்கிய யாருக்கோ
எழுத்தர் யோசிக்காமல் வைத்த பெயர்.)
"நானூறுன்னா எண்ணூறு ஞாயிறு.
எழுபதுன்னா நூத்தி நாப்பதுதான்."
பென்சிலைக் கடித்தான்.
"மிஸ், அவ தப்பிக்க ஓடலை.
விலை குறையட்டும்னு ஓடியிருக்கா."

மூன்று மாதம் என் பையில் கிடந்த தாள்.
எனக்கு இது தோன்றவில்லை.
இருக்கலாம் என்றேன்.
காதையும் காலையும் கொடுத்து
அறுநூற்று அறுபது ஞாயிறுகளை
ஒருத்தி மிச்சம் பிடித்திருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்,
வெறுமனே ஓடியிருக்கலாம்,
மலை இருந்தது, கால் இருந்தது.
ரோசலி என்று கூப்பிடுவதற்கு முன்
அவளை என்னவென்று கூப்பிட்டார்கள் என்று கேட்டார்கள்.
நல்ல பெயராக ஒன்று நாக்கு நுனிவரை வந்தது.
தெரியாது என்றேன்.

"மேல இந்த எடம் மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு?"

உடைமையாளர் என்ற கட்டம்.
பிரதி எடுக்குமுன் நான்தான்
வெள்ளை மை தடவியிருந்தேன்.
தெவேனி மேசைக்கு வந்துவிட்டாள்.
மூலத்தாள் அங்கேதான் இருந்தது.
மருதாணி மிச்சமிருந்த நகத்தால்
கரகரவென்று சுரண்டினாள், எழுத்துக்கூட்டினாள்:
செல்லன். கொத்து மேஸ்திரி.

பிறகு என் வருகைப் பதிவேட்டின் அட்டையைப் பார்த்தாள்.
ஐந்தாம் வகுப்பு, மிஸ் செல்லன்.

மழை நின்றது என்று எழுதினால் பொய்.
மழை பெய்துகொண்டுதான் இருந்தது.
எமனுவெல் கோபமாகக் கேட்கவில்லை,
மீதி எவ்வளவு என்று கேட்பதுபோல் கேட்டான்:
"அந்த எழுபதும் உங்க வீட்டுக்கா வந்துச்சு?"

என் கை தானாக இடது காதுக்குப் போனது.
கம்மல் இருந்தது. காதும்.

"ஆமாம்," என்றேன்.
அதற்குமேல் பாடம் எதுவும் தயாரித்திருக்கவில்லை.

மணி அடித்து ஓடிய பிறகு
தாள்களைச் சேகரித்தேன். பாதிப்பேர் வீட்டுக்கே
கொண்டுபோய்விட்டார்கள்.
தெவேனி தன்னுடையதில்
'பழக்கம்' என்பதை அழித்துவிட்டு
'பயிற்சி' என்று எழுதியிருந்தாள்.
மதிப்பெண் போடுவதா என்று தெரியாமல்
பைக்குள் வைத்தேன்.

வீட்டில் காவடிக்கு உடுத்த வேண்டிய ரோஜா நிறத் துணி
காலையிலிருந்து வாளியில் ஊறுகிறது.
இன்னும் துவைக்கவில்லை.