மைனஸ் நாற்பத்து மூன்று

கோவையில் மூடிப்போன ஒரு விளையாட்டுக் கூடத்தில்
எழுநூறு ரூபாய்க்குக் கிறிஸ்டில்டா வாங்கிவந்தாள்
நான்கு அம்பு போட்ட பாயை.
குஞ்சப்பனை வளைவில்
பக்கத்து சீட்டுக்காரர் அதன்மேல் வாந்தி எடுத்தார்.
கழுவிக் காயவைத்தோம்.
அதனாலோ என்னவோ
இடது அம்பு மட்டும் பேசவில்லை.

டானிங்டனில் எங்கள் அறை
மொய்துக்காவின் பேக்கரிக்கு மேலே.
மரப்பலகைத் தளம், அடியில் அடுப்பு.
கோத்தகிரி ஸ்வெட்டரோடு தூங்கும் ஜனவரியிலும்
எங்கள் பலகைகளுக்கு லேசாகக் காய்ச்சல்.

தையலைப் பிரித்துப் பார்த்தேன்.
உள்ளே ஒரு கறுப்புக் கோடு அறுந்திருந்தது.
ஃபாக்டரியில் தேயிலை மூட்டைக்குள் வரும்
வெள்ளித் தாளில் ஒரு சாண் கத்தரித்து
மேலொன்று கீழொன்று ஒட்டி
நடுவே ஓட்டை போட்ட பஞ்சு வைத்தேன்.
மிதித்தால் தொட வேண்டும்
விட்டால் விலக வேண்டும்
வேறு வித்தை இல்லை அதில்.
ஒரு வாரத்துக்கு
இடது பக்கம் மிதிக்கும்போதெல்லாம்
டஸ்ட் டீ வாசம்.

கம்ப்யூட்டரும் ஃபாக்டரி கழித்துக்கட்டியதுதான்.
பாயைச் சொருகினால்
எட்டுப் பட்டன் உள்ள ஏதோ ஒரு பிராணி என்று நினைத்துக்கொண்டது.
இது மேல், இது கீழ் என்று
குழந்தைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொன்றாய் மிதித்துச் சொன்னோம்.
கம்பளி சாக்ஸ் வழுக்கியது. கழற்றினோம்.
ப்ளூடூத் ஸ்பீக்கர்
அம்பு போன பிறகு தாளம் அனுப்பியது.
மார்க்கெட்டில் வயர் வாங்கிவந்து மாட்டினோம்.

அப்போதும் எனக்கு வரிசையாய்
லேட், லேட், மிஸ், லேட்.

கருவி ஒரு சோதனை வைத்தது:
டிக் கேட்டால் மிதி.
முப்பது தடவை மிதித்தபின் சொன்னது
நாற்பத்து மூன்று மில்லி செகண்ட்.
பாயா, வயரா, நானா
என்று மட்டும் சொல்லவில்லை.

எல்லோரும் சிரித்து முடித்த ஜோக்குக்குச் சிரிப்பவள் நான்.
சரி என்று நான் சொல்லப் போனபோது
அவன் வேறொருத்தியோடு
மண்டபத்துக்கு முன்பணம் கட்டியிருந்தான்.
இத்தனை நாளும் அதற்கு
ஓர் எண் இருப்பது தெரியாது.

காலியாய் இருந்த கட்டத்தில்
மைனஸ் போட்டு அடித்தேன்.
பகலில் நான் அடிக்கும் மைனஸ் வேறு:
மாதியம்மா, பச்சை இலை, நாற்பத்தொன்றரைக் கிலோ,
ஈரத்துக்குக் கழிவு இரண்டு.
அதை அடித்தால் ஒருத்தியின் காசு குறையும்.
இதை அடித்தால்
அதே கால், அதே பிந்தல்,
திரையில் பர்ஃபெக்ட்.
கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் இரவு
கீழிருந்து தடியால் இடித்தார்கள்.
பிறகு மொய்துக்காவே படியேறி வந்தார்
தலையெல்லாம் வெள்ளையாய்.
"மோளே, வர்க்கி மாவுல உங்க கூரைத் தூசி விழுது."
மாவு பார்த்தோமா, பாட்டு பார்த்தோமா
என்று கிறிஸ்டில்டா முனகினாள்.
கடைசியில் அவரே வழி சொன்னார்:
தட்டெல்லாம் அடுப்புக்குள் போனபின்
அவர் இரண்டு தட்டு தட்டுவார்.
அதிலிருந்து இருபத்திரண்டு நிமிடம்
கூரை எங்களுடையது.

அன்றிலிருந்து
பாட்டை ஏற்றிவைத்துவிட்டு
வெறுங்காலோடு நிற்கிறோம்.
ஜன்னலில் மஞ்சு.
அது தெரு விளக்கைத் தின்று முடிக்கும்போது
டொக் டொக்.

மூச்சு வாங்க, வியர்வையோடு
நேற்று கீழே வர்க்கி வாங்கப் போனோம்.
மொய்துக்கா பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டே,
பாயையோ திரையையோ ஒருநாளும் பார்க்காதவர், சொன்னார்:
"அந்த ரெண்டாவது பாட்டு நடுவுல
ரெண்டு காலும் சேர்ந்து விழணும்.
கிறிஸ்டில்டா மோளுக்கு
எப்பவும் ஒண்ணுதான் விழுது."

அவள் மாடியேறும்வரை பேசவில்லை.
ஏறியதும் சொன்னாள்,
"அந்தப் பாட்டை மறுபடி போடு."